கோவையில் ஃப்ளாட்டா, சோமனூரில் சைட்டா? ஒரு தறிக்காரர் குடும்பத்தின் கணக்கு

இந்தக் கேள்வி என் ஆபீஸுக்கு மாசம் ரெண்டு தடவையாவது வருது. சோமனூர், கருமத்தம்பட்டி, சாமளாபுரம் பக்கம் தறி ஓட்டறவங்க, பனியன் கம்பெனியில வேலை பாக்கறவங்க, வாத்தியார் வேலையில இருக்கறவங்கன்னு எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். "அவினாசி ரோட்டுல ஒரு ஃப்ளாட் பார்த்தோம். வாங்கலாமா? இல்ல ஊருலயே சைட்டு வாங்கித் தனி வீடு கட்டலாமா? இல்ல அந்த வில்லா மாதிரி வருதே, அது எப்படி?"

வீடியோவுல பத்து நிமிஷத்துல இதுக்குப் பதில் சொல்ல முயற்சி பண்ணினேன். சொன்னது எனக்கே திருப்தியா இல்ல. அதனால இங்கே நிதானமா எழுதறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். உங்க வருமானம் சோமனூர் தறியில இருந்து வருதுன்னா, கடன் வாங்கி கோவையில ஃப்ளாட் வாங்கறது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தப்பான முடிவு. ஃப்ளாட் மோசம்ங்கறதுக்காக இதைச் சொல்லல. தறி வருமானத்துக்கும் இஎம்ஐக்கும் ஒத்துப் போகாதுங்கறதுதான் காரணம்.

ஒரு குடும்பத்தோட கணக்கை வச்சே பேசலாம். பேர் வேண்டாம். அண்ணாவுக்கு 12 தறி, எல்லாம் சாதா விசைத்தறி, கூலி நெசவு. பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர்கிட்ட இருந்து வரும், துணியா திருப்பிக் கொடுக்கணும், மீட்டருக்குக் கூலி. அக்கா சின்னியம்பாளையம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில டீச்சர், சம்பளம் 32,000. பொண்ணு அதே பள்ளியில எட்டாவது. ரெண்டு பேரும் காலையில ஆறரைக்குக் கிளம்பி சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு வர்றாங்க. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல 1,200 சதுர அடி ஃப்ளாட் ஒண்ணு, 60 லட்சம். கையில 19, 20 லட்சம் சேர்த்து வச்சிருக்காங்க. 45 லட்சம் கடன் போட்டா முடிஞ்சுதுன்னு வந்தாங்க.

45 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் 39,050 ரூபாய். முதல் மாச இஎம்ஐயில 31,875 வட்டிக்கே போயிடும். அசல்ல குறையறது ஏழாயிரத்துச் சொச்சம்.

ஆள் கூலி, கரண்ட், ரிப்பேர் எல்லாம் போக தறியில மாசம் 55, 60 ஆயிரம் நிக்குதுன்னு அண்ணா சொன்னார். அக்கா சம்பளத்தையும் சேர்த்தா 90 ஆயிரம். அதுல 39 ஆயிரம் இஎம்ஐ. பேப்பர்ல பார்த்தா தாங்கும்.

ஆனா சோமனூர்க்காரங்களுக்கு நான் இதைச் சொல்லித் தரணுமா? 2022 ஜனவரியில கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தினோமே, எத்தனை வாரம் குடோன் பூட்டியே கிடந்துச்சு? பேசி முடிச்ச கூலியையே கொடுக்கலைங்கறதுதான் அந்தப் போராட்டத்துக்குக் காரணம். மறுபடியும் 2025 மார்ச்சுல நின்னு, ஏப்ரல்லதான் ஓடுச்சு. கூலி ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேணும்னு இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. நடுவுல 2020 கொரோனா வேற. நூல் விலை ஏறினா உற்பத்தியாளர் பாவு கொடுக்கறதைக் குறைப்பார், ஆர்டர் இல்லைன்னா நிறுத்தியே விடுவார். ரெண்டுலயும் நம்ம கையில எதுவும் இல்ல.

தறி நின்ன மாசம் அந்தக் குடும்பத்துக்கு வர்ற ஒரே வரவு அக்காவோட 32,000. இஎம்ஐ 39,050. அரிசி, பருப்பு, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் அதுக்கு மேல. அண்ணாகிட்ட இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நகை இருக்குதுங்க, வச்சுச் சமாளிச்சுக்கலாம்"னார். சமாளிக்கலாம். ஒரு தடவை. 20 வருஷத்துல எத்தனை தடவை?

பேங்க்கு பாக்கறது உங்க தறியை இல்ல, ரிட்டர்னை

இதுதான் நான் ஆடிட்டரா அதிகம் சங்கடப்படற இடம். நம்ம பக்கம் நிறைய பேர் 44ஏடி பிரிவுல ரிட்டர்ன் போடறாங்க. அதாவது கணக்குப் புத்தகம் வேண்டாம், வரவுல 8 சதவீதம் லாபம்னு காட்டினா போதும் (பேங்க் மூலமா வர்ற வரவுக்கு 6 சதவீதம்). அண்ணாவுக்கு வருஷத்துக்குக் கூலி வரவு 24 லட்சம். அதுல 8 சதவீதம் 1.92 லட்சம். மாசத்துக்கு 16,000. எட்டு வருஷமா அப்படியே போட்டுக்கிட்டு வர்றார்.

இப்போ 39 ஆயிரம் இஎம்ஐக்குப் போய் நின்னா, "மாசம் 16,000 சம்பாதிக்கறவர் எப்படிக் கட்டுவீங்க?"ன்னுதான் பேங்க் மேனேஜர் கேப்பார். உடனே லோன் ஏஜென்ட் ஒரு யோசனை சொல்வார்: "ஆடிட்டர்கிட்ட சொல்லி மூணு வருஷ ரிட்டர்னை ஏத்திப் போட்டுக்கங்க." சம்பாதிக்காததை சம்பாதிச்சதா எழுதித் தர என்னால முடியாது. முடியும்னு சொல்ற ஆடிட்டர்கிட்ட உங்க பையனைக் கூட அனுப்பாதீங்க.

ஆனா உண்மையிலேயே சம்பாதிச்சதைக் காட்டறது வேற விஷயம். 44ஏடியில 8 சதவீதம்ங்கறது கீழ் வரம்புதான். அதுக்கு மேல லாபம் வந்திருந்தா வந்ததைக் காட்டணும்னுதான் சட்டமே சொல்லுது. இன்னொண்ணு, 2025-26 நிதியாண்டுல இருந்து புதிய வரி முறையில 12 லட்சம் வரைக்கும் சாதாரண வருமானத்துக்கு வரியே இல்ல. அண்ணாவோட நிஜ வருமானம் 7 லட்சம். காட்டினாலும் வரி பூஜ்யம், மறைச்சாலும் வரி பூஜ்யம். அப்புறம் எதுக்குங்க மறைக்கணும்? அப்பா காலத்துப் பழக்கம், வேறொண்ணும் இல்ல. வீடு வாங்கற யோசனை இருந்தா இந்த வருஷத்துல இருந்தே சரியான வருமானத்தைக் காட்ட ஆரம்பிங்க. பேங்க்குல ரெண்டு, மூணு வருஷ ரிட்டர்ன் கேப்பாங்க, அதனால கடைசி நேரத்துல ஓடி வந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. "வீட்டுக் கடன் வாங்கினா டாக்ஸ் மிச்சம்"னு சொல்றாங்க இல்ல? கட்டற வரியே பூஜ்யமா இருக்கும்போது எதை மிச்சம் பிடிக்கறது? அந்த 2 லட்சம் வட்டிக் கழிவு, 80சி எல்லாம் பழைய முறையில வரி கட்டறவங்களுக்கு. புதிய முறையில, சொந்தமா குடியிருக்கற வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவே கிடையாது. அண்ணாவுக்கும் அக்காவுக்கும் இந்தக் கடனால மிச்சமாகற வரி ஒரு ரூபாய் கூட இல்ல. ஃப்ளாட் ஆபீஸ்ல போட்டுக் கொடுத்த கணக்குத் தாள்ல இது வருஷம் 60,000 மிச்சம்னு இருந்துச்சு. அந்தத் தாளை நான் பத்திரமா வச்சிருக்கேன்.

ஃப்ளாட்ல நீங்க வாங்கற மண் எவ்வளவு?

ஃப்ளாட்னா 1,200 சதுர அடின்னு சொல்வாங்க. உள்ளே டேப் பிடிச்சு அளந்தா கார்ப்பெட் ஏரியா 850, 900தான் வரும். மீதி படிக்கட்டு, லிஃப்ட், வராண்டாவுல உங்க பங்கு. ரெரா சட்டப்படி கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லியே ஆகணும், கேட்டு வாங்குங்க.

அதைவிட முக்கியம் யுடிஎஸ். பிரிக்கப்படாத நிலப் பங்கு. அந்த 60 லட்சம் ஃப்ளாட்டுக்கு 480 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக 1.1 சென்ட். 60 லட்சத்துக்கு நீங்க வாங்கற மண் அவ்வளவுதான், அதுவும் எங்கே இருக்குன்னு கைகாட்ட முடியாது. மீதிப் பணம் எல்லாம் கான்கிரீட், டைல்ஸ், லிஃப்ட். மண்ணுக்கு வயசாகாது, கட்டிடத்துக்கு வயசாகும். இதை 2017 செப்டம்பர் 7-ஆம் தேதி சோமனூர் பஸ் ஸ்டாண்டு மேற்கூரை இடிஞ்சு விழுந்து 5 பேர் செத்ததைப் பார்த்த ஊர்க்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. அன்னைக்கு மழைக்கு ஒதுங்கப் போய் நின்னவங்கள்ல எனக்குத் தெரிஞ்சவங்களும் இருந்தாங்க.

தனி வீடு பழசானா நீங்களே முடிவு பண்ணி இடிச்சுக் கட்டலாம். ஃப்ளாட் பழசானா மத்தவங்க சம்மதம் வேணும். தமிழ்நாட்டுல 2022-ல கொண்டு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துல, மூணுல ரெண்டு பங்கு பேர் சம்மதிச்சா இடிச்சுக் கட்டலாம்னு வழி வச்சிருக்காங்க. முன்னே இருந்த நிலைமைக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனாலும் முப்பது, நாப்பது குடும்பத்தை ஒரே பேச்சுக்குக் கொண்டு வர்றது எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. பெயின்ட் கலருக்கே ஒத்து வரமாட்டாங்க.

என் சொந்தக் கதையையும் சொல்லிடறேன், இல்லைன்னா இது ஊருக்கு உபதேசம் ஆயிடும். 2019-ல நான் கோவையில ஒரு ஃப்ளாட் புக் பண்ணினேன். ஆடிட்டர்தான், இருந்தும் பிரவுச்சரைப் பார்த்துதான் அட்வான்ஸ் கொடுத்தேன். பத்திர நகல் கைக்கு வந்தப்போ பார்த்தா, சொன்ன யுடிஎஸ்ஸை விட 55 சதுர அடி குறைவு. கேட்டா, "பார்க்கிங் மாத்தினதுல அட்ஜஸ்ட் ஆயிடுச்சு சார்"னாங்க. அதுக்குள்ள 12 லட்சம் கட்டியாச்சு. விட்டுட்டேன். சாவி வர்றதுக்கு 2021 ஆச்சு. அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். மூணே வாரம். அப்பாவுக்கு நாப்பது வருஷமா தறிச் சத்தத்துலயே தூங்கிப் பழக்கம், சத்தம் இல்லைன்னா முழிச்சுக்குவார். "என்னடா ஆச்சு, கரண்ட் போயிடுச்சா?"ன்னு ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிச்சுக் கேப்பார். நாலாவது வாரம் ஊருக்குக் கிளம்பிட்டாங்க. இன்னைக்கு அந்த ஃப்ளாட்ல வேற குடும்பம் வாடகைக்கு இருக்கு. வர்ற வாடகை என் இஎம்ஐயில பாதி கூட இல்ல.

வாடகையைத் தண்டம்னு சொல்றவங்களுக்கு

நம்ம ஊர்ல சொந்த வீடு இல்லாதவனுக்குப் பொண்ணு கொடுக்க யோசிப்பாங்க. வாடகை கொடுக்கறது தண்டம்னு எல்லாருக்கும் மனசுல பதிஞ்சிருக்கு. அதே பில்டிங்ல அதே சைஸ் ஃப்ளாட் 17,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்குதுன்னு அக்காவே விசாரிச்சு வச்சிருந்தாங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சு, பொண்ணு பன்னெண்டாவது முடிக்கற வரைக்கும் 5 வருஷத்துக்குக் கணக்குப் போட்டோம்.

வாங்கினா: 5 வருஷத்துல கட்டற இஎம்ஐ 23.4 லட்சம். அதுல அசல் குறையறது 5.3 லட்சம்தான், மீதி 18.1 லட்சம் வட்டி. மெயின்டனன்ஸ் மாசம் சதுர அடிக்கு 3 ரூபாய்னு 3,600, அஞ்சு வருஷத்துக்கு 2.2 லட்சம். பத்திரச் செலவு: புது ஃப்ளாட்டுக்கு இப்போ நிலமும் கட்டிடமும் சேர்ந்த ஒரே மதிப்புக்குப் பதிவு. 50 லட்சம் வரைக்கும் முத்திரைத்தாள் 4, பதிவுக் கட்டணம் 2, ஆக 6 சதவீதம். 50 லட்சத்துக்கு மேல 3 கோடி வரைக்கும் 7 சதவீதம். 60 லட்சத்துக்கு 4.2 லட்சம். மொத்தம் 24.5 லட்சம் திரும்பி வராத பணம்.

வாடகைக்கு இருந்தா: 17,000-ல ஆரம்பிச்சு வருஷம் 5 சதவீதம் ஏத்தினாலும் 5 வருஷத்துல 11.3 லட்சம்.

வித்தியாசம் 13 லட்சம். அது போக, முன்பணமா கட்டற 15 லட்சத்தை 7 சதவீத டெபாசிட்ல போட்டிருந்தா இன்னொரு 6 லட்சம் வந்திருக்கும். ஆக, 5 வருஷம் கழிச்சு அந்த ஃப்ளாட் 79 லட்சத்துக்கு வித்தாத்தான் வாடகைக்கு இருந்ததோட சமம். விக்குமா? விக்கலாம். அவினாசி ரோட்டு மேம்பாலம் 2025 அக்டோபர்ல திறந்த பிறகு கோல்டுவின்ஸ்ல இருந்து உப்பிலிபாளையம் 10 கிலோமீட்டரும் ஒரே ஓட்டமா போயிடலாம், அந்தப் பக்கம் விலை ஏறும்னு எல்லாரும் பேசறாங்க. ஆனா ஒண்ணு கவனிங்க. நீங்க விக்கும்போது அது பழைய ஃப்ளாட், வாங்கறவர் 9 சதவீதம் பத்திரச் செலவு கட்டணும். பக்கத்துலயே புதுசு வந்திருந்தா அதுக்கு 6 அல்லது 7தான். அவர் ஏன் உங்ககிட்ட வரணும்?

கட்டி முடிக்காத ஃப்ளாட்னா 5 சதவீத ஜிஎஸ்டி இன்னும் 3 லட்சம். (45 லட்சத்துக்கு உள்ள, சின்ன அளவு வீடுகளுக்கு 1 சதவீதம்.) கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வந்த பிறகு முழுப் பணமும் கொடுத்து வாங்கினா ஜிஎஸ்டி கிடையாது. 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா விக்கறவருக்குக் கொடுக்கற பணத்துல 1 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சு நீங்கதான் கட்டணும். இதை மறந்துட்டு நோட்டீஸோட வர்றவங்க வருஷத்துக்கு நாலு பேர்.

வில்லாங்கற பேர்ல

நீலம்பூர், அரசூர்ல இருந்து நம்ம கருமத்தம்பட்டி வரைக்கும் ரோட்டோரம் போர்டு பார்த்திருப்பீங்க. தனித்தனி வீடு, சுத்தி காம்பவுண்டு, வாசல்ல செக்யூரிட்டி. ஃப்ளாட்டுக்கும் தனி வீட்டுக்கும் நடுவுல ஒரு வழி. எனக்கு இது பிடிக்கும், ஆனா ரெண்டு விஷயத்தைப் பார்த்துட்டு.

முதல்ல, பத்திரத்துல உங்க பேருக்கு நாலு எல்லை போட்டு மண் எழுதறாங்களா, இல்ல அதுவும் யுடிஎஸ்தானா? நாலு எல்லை இருந்தா அது நிஜமான வீடு. யுடிஎஸ்னா படுத்திருக்கற ஃப்ளாட். ரெண்டாவது, பக்கத்து வீட்டோட சுவர் பொதுவா? ரோ ஹவுஸ்னு வரிசையா ஒட்டிக் கட்டினதுல சுவரும் அஸ்திவாரமும் பொதுவா இருக்கும். மேலே மாடி எடுக்க நினைச்சா பக்கத்து வீட்டுக்காரர் வாசல்ல போய் நிக்கணும். மத்தபடி மனைக்கு ஒரு பத்திரம், கட்டுமான ஒப்பந்தம் தனியான்னு ரெண்டா பதிவு பண்ணினா மனைக்கு 9, ஒப்பந்தத்துக்கு 4 சதவீதம்னு கணக்கு வரும். அதையும் விலையோட சேர்த்துத்தான் ஒப்பிடணும்.

யாருக்கு ஃப்ளாட் சரி? சரவணம்பட்டி, கீரணத்தம் ஐடி கம்பெனியில புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் மாசச் சம்பளம், ஊருக்குத் திரும்பற எண்ணம் இல்ல, பத்து வருஷத்துக்கு மேல இருப்பாங்கன்னா தாராளமா வாங்கலாம். பிள்ளைங்க வெளிநாட்டுல, வயசான காலத்துல ரெண்டு பேர் மட்டும்னாலும் லிஃப்ட்டும் வாட்ச்மேனும் இருக்கற இடம் நல்லது. அங்கே சங்கத்தோட பேங்க் பேலன்ஸை மட்டும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. லிஃப்ட் மாத்த, பெயின்ட் அடிக்கப் பணம் சேர்த்து வைக்காத சங்கம்னா அந்தச் செலவு உங்க தலையிலதான்.

அக்கா கேட்ட கேள்வி

இவ்வளவும் சொல்லி முடிச்சேன். அண்ணா தலையாட்டினார். அக்கா மட்டும் அமைதியா இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க: "சார், நீங்க சொல்ற கணக்கெல்லாம் சரி. இப்போ இருக்கற வீடு மாமனார் பேர்ல. தறிக் குடோன் மாமனார் பேர்ல. காரு இவர் பேர்ல. பதினாறு வருஷம் வேலைக்குப் போயிருக்கேன், என் பேர்ல என்ன இருக்கு? அந்த ஃப்ளாட்டை என் பேர்ல வாங்கலாம்னு இவர் சொன்னதுனாலதான் நான் இதுக்கே வந்தேன். வாடகை வீட்டுல ஆணி அடிக்கக் கூட கேக்கணும்."

என் எக்செல் ஷீட்ல இதுக்குக் கட்டம் இல்ல. உண்மையைச் சொல்லணும்னா, நான் அதுவரைக்கும் அண்ணா முகத்தைப் பார்த்துத்தான் பேசிக்கிட்டு இருந்தேன்.

சொந்தப் பேர்ல சொத்து வேணும்ங்கறது நியாயம். அது ஃப்ளாட்டாத்தான் இருக்கணுமா, 39 ஆயிரம் இஎம்ஐயோடதான் வரணுமா? அவங்க ஏற்கெனவே சோமனூருக்கு வெளியே அப்ரூவ்டு சைட்டு 4 சென்ட் பார்த்து வச்சிருந்தாங்க, சென்ட் 4 லட்சம். 16 லட்சம், பத்திரச் செலவு 9 சதவீதம் 1.44 லட்சம். கையில இருக்கற பணத்துக்குள்ளயே முடியுது, கடன் இல்ல. பத்திரம் அக்கா பேர்ல. (பெண்கள் பேர்ல பதிவு பண்ணினா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் சலுகை 2025 ஏப்ரல்ல இருந்து இருக்கு, ஆனா 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான். இவங்களுக்கு வராது.) அக்கா சம்பளத்துல சேர்ந்த பணம் அக்கா கணக்குல இருந்தே போகட்டும்னு சொன்னேன். புருஷன் பணத்துல மனைவி பேருக்கு வாங்கினா, பின்னாடி அதுல வர்ற வருமானம் வரிச் சட்டப்படி புருஷன் வருமானத்தோட சேரும், அதனால எது யார் பணம்னு தெளிவா இருக்கறது நல்லது.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல 17,000-க்கு வாடகை. தறி நின்ன மாசத்துலயும் அக்கா சம்பளத்துல அது கட்டிடலாம். பொண்ணு பன்னெண்டாவது முடிச்ச பிறகு அந்த 4 சென்ட்ல 1,000 சதுர அடி கட்டலாம். இன்னைக்கு ரேட்டுக்கு 23 லட்சம்னு வச்சுக்குங்க. 22 லட்சம் கடன், 15 வருஷம்னா இஎம்ஐ சுமார் 21,700. அதுவும் அக்கா சம்பளத்துக்குள்ள அடங்குது, ஃபார்ம்-16 இருக்கறதால பேங்க்கும் அவங்களை நம்பும். கட்டும்போது மேஸ்திரிக்கு லேபர் கான்ட்ராக்டா கொடுத்தா தனி வீட்டுக்கு அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. மெட்டீரியலோட மொத்தமா ஜிஎஸ்டி பதிவு பண்ணின கான்ட்ராக்டர்கிட்ட விட்டா 18 சதவீதம். சிமென்ட் வரி 2025 செப்டம்பர்ல 28-ல இருந்து 18 ஆனது ஒரு ஆறுதல். 2,500 சதுர அடி வரைக்குமான மனையில 3,500 சதுர அடிக்குள்ள கட்டற வீட்டுக்கு 2024-ல இருந்து சுயசான்று முறையில ஆன்லைன்லயே பிளான் அனுமதி கிடைக்குது. அதனால அந்த அலைச்சலும் முன்ன மாதிரி இல்ல.

அண்ணா நடுவுல, "சைட்டு எதுக்குங்க, அப்பா இடம் ஆறு சென்ட் சும்மா கிடக்குது, அதுல கட்டினா 16 லட்சம் மிச்சமாகுமே"ன்னார். இதுதான் நம்ம பக்கம் ரொம்பப் பேர் விழற குழி. அந்த இடம் தாத்தா காலத்துச் சொத்து, கூட்டுப் பட்டா. அண்ணாவுக்கு ஒரு தங்கச்சி உண்டு. பொண்ணுங்களுக்குப் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்தாச்சு, நாடு முழுக்க 2005-ல. "தங்கச்சிக்குக் கல்யாணத்துல 40 பவுன் போட்டாச்சு"ங்கறது பேங்க் வக்கீல்கிட்ட செல்லாது. பாகப் பிரிவினையோ, தங்கச்சி மனசார எழுதிக் கொடுக்கற விடுதலைப் பத்திரமோ இல்லாம அதுல 23 லட்சத்துக்கு வீடு கட்டினா, அடுத்தவங்களுக்கும் பங்கு இருக்கற மண்ணுல உங்க பணத்தைப் புதைக்கற மாதிரி. அப்பா தனக்குச் சொந்தமான பங்கை மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட் பண்றதுக்கு முத்திரைத்தாள் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. செலவு ஒண்ணும் பெருசில்ல. பேசித் தீர்க்கறதுதான் பெருசு.

அப்புறம், அந்த இடம் கிடைச்சாலும் அது அண்ணா பேர்லதான் வரும். அக்கா அதைக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல, என்னைப் பார்த்து லேசா சிரிச்சாங்க.

எந்த வழியா இருந்தாலும், அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி முப்பது வருஷ வில்லங்கம், மூலப் பத்திரம், பட்டா, டிடிசிபி அனுமதி, ப்ராஜெக்ட்டுன்னா தமிழ்நாடு ரெரா பதிவு எண் எல்லாத்தையும் ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க. சைட்டுன்னா, 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி பதிவான அங்கீகாரம் இல்லாத மனைகளுக்கு மட்டும்தான் வரன்முறைப்படுத்தற திட்டம் வந்துச்சு. "அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்"னு புரோக்கர் சொன்னா எந்தத் தேதிப் பத்திரம்னு கேளுங்க. (சைட்டு, ஃப்ளாட் எதுக்கும் நான் கமிஷன் வாங்கறதில்ல. வாங்கவும் என் தொழில் விதியில இடமில்ல.)

போன வாரம் அக்கா போன் பண்ணினாங்க. ஜூன்ல இருந்து வாடகைக்குப் போறாங்களாம், அட்வான்ஸ் கொடுத்தாச்சு. அண்ணா வாரத்துல நாலு ராத்திரி சோமனூர்லயே தங்கிக்குவார், நைட் ஷிஃப்ட் ஆள் வராத நாள்ல அவர்தான் தறி ஓட்டணும். சைட்டுக்கு வக்கீல் ஒப்பீனியன் இன்னும் வரல. மாமனாருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தமாம். மருமக பேர்ல சைட்டுங்கறதுக்காகவா, வாடகை வீட்டுக்குப் போறதுக்காகவான்னு கேட்டேன். "ரெண்டும்தான் சார்"னாங்க.